பட்டனைப் பார்த்துக்கொள்ள ஆறாவது ஆள்

ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் போனார்கள்.

போன வாரம் ஐந்தாவது ஆளையும் லிஃப்ட்காரர் ஒரு பெரிய கும்பிடு போட்டு அனுப்பிவைத்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கண்ணாடிக்காரம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்களுடைய ஒரே பையனுக்குக் கல்யாணம். அவன் வேலை பார்க்கும் ஊரில், பதிவு அலுவலகத்தில். வியாழக்கிழமை காலை ரயில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பிவிடலாம். அந்த நான்கு நாளும் வீட்டோடு இருந்து ஜீவராசிகளைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆள் வேண்டும்.

ஜீவராசிகள் மொத்தம் நான்கு. மேனேஜர் என்கிற பூனை. எந்த வேலையும் செய்யாமல் எல்லார் வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பேர். கூண்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ். பேர்தான் லவ், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சண்டை. அப்புறம், பன்னிரண்டு வயது நாய், பட்டன். கறுப்பாக, வட்டமாக, லிஃப்ட் பொத்தான் மாதிரி மூக்கு இருந்ததால் பையன் வைத்த பேர். பட்டனுக்கு இப்போது இதயத்தில் கோளாறு. இரண்டு வேளை மாத்திரை. இடது காது சுத்தமாகக் கேட்காது. தூரப் பயணம் கூடவே கூடாது என்று கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வந்தவர்களில் கல்லூரிப் பெண் ஒருத்தி பட்டனைக் கட்டிக்கொண்டு நாற்பது போட்டோ எடுத்தாள். போகும்போது கேட்டை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போனாள். எதிர்வீட்டு கராத்தே மாஸ்டர் நல்லவர்தான், ஆனால் 'வாடா கண்ணு' என்று அவர் கொஞ்சியதே அதட்டல் மாதிரி இருந்தது. கட்டிலுக்கு அடியில் போன பட்டன், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தது. மூன்றாவதாக வந்தவர் நாய்களைத் தங்கவைக்கும் விடுதி நடத்துகிறவர்; அங்கே லிஃப்ட்காரரே நேரில் போய், டார்ச் அடித்துப் பார்த்து, கூண்டுத் தாழ்ப்பாளில் துரு என்று திரும்பி வந்தார். ரிட்டயரான வாத்தியார் ஒருவர் வந்து இரண்டு மணி நேரமும் மேனேஜரோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆள் போன் ஆப்பில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு வாங்கியவர். மாத்திரையை பிஸ்கட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். பட்டன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மாத்திரையை சோபாவுக்கு அடியில் துப்பியது. ஐந்து நட்சத்திரத்துக்கு அது தெரியவில்லை. லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது.

ஒன்றுகூடப் பொய்க் குறை இல்லை. கண்ணாடிக்காரம்மாவுக்கு எரிச்சலே அதுதான்.

இன்னொன்றும் இருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

கல்யாணத் தேதியைச் சொன்ன அன்று பையன் போனில் சொன்னது இது: "நீ வந்துடும்மா. அவர் வரமாட்டார். நாயை விட்டுட்டு அவர் எங்க வரப்போறார்? பரவாயில்ல, விடு."

அவள் கணவரிடம் சொன்னது இது: "ரெண்டு பேரும் வந்தே ஆகணும்னு சொல்லிட்டான் உங்க பையன்."

சொல்லும்போது நாக்குக் கூசவில்லை.

அப்பாவும் பையனும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, "பட்டனையும் கூட்டிட்டுப் போறேன்பா, அது என் நாய்" என்றான் அவன். "வளத்தது யாரு? நீ ஆபீஸ் போனப்போ யாரு பாத்துக்கிட்டது? நாய் இங்கதான் இருக்கும்" என்றார் இவர். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வளர்ந்தது. பையன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவுக்கு மட்டும் போன் வரும். அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். முன்பக்கம் இருக்கிறவரின் காதில் விழ வேண்டாம் என்றுதான்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று. ஆறாவது ஆள் வாசலில் நின்றாள்.

"யாரு?" என்றார் லிஃப்ட்காரர். கேட்டுவிட்டு, ஆளைப் பார்த்துவிட்டு, மனைவியைப் பார்த்தார். "ஏழாம் தேதிதானே வருவாங்க? இன்னிக்கு என்ன?"

வந்தவள் மீட்டரம்மா. எட்டு வருஷமாக மாதம் தவறாமல் ஏழாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு வந்து தண்ணீர் மீட்டர் படிக்கிறவள். மழையானாலும் ஒன்பதேகால். நாற்பது வயதிருக்கும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் உள்ள எல்லா நாயும் அவளைப் பார்த்தால் குரைக்கும். பட்டனும் எட்டு வருஷமாகக் குரைக்கிறது.

"ட்ரையலுக்கு வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"இவங்களையா?"

"இவங்களைத்தான்."

பட்டன் படுத்த இடத்திலிருந்தே இரண்டு குரை குரைத்தது. மீட்டரம்மா கேட்டுக்கு உள்ளே ஓர் அடி வைத்து அப்படியே நின்றாள்.

"சார், முதல்லயே சொல்லிடறேன். எனக்கு நாய்னா பயம். ரெண்டு தடவை கடி வாங்கியிருக்கேன். முதல் தடவையும் 'கடிக்காது'ன்னாங்க. ரெண்டாவது தடவையும் 'கடிக்காது'ன்னாங்க. அக்கா கேட்டப்பவே சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?"

"எங்க வீட்ல தளம் உடைச்சுப் போட்டிருக்காங்க. நாலு நாள் எங்கயாவது தங்கணும். லீவும் இருக்கு. அக்கா பயந்தா பரவாயில்லன்னாங்க."

"சரியாப் போச்சு!" என்றார் லிஃப்ட்காரர். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஆறாவது குறை தானாகவே நடந்து வந்திருக்கிறதே!

மீட்டரம்மா திரும்பி, கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்டுவிட்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அது அரைகுறையாக விழும் தாழ்ப்பாள். கொஞ்சம் தூக்கி அழுத்தினால்தான் உட்காரும். யாரும் சொல்லித் தராமலே தூக்கி அழுத்தினாள்.

லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். கண்ணாடிக்காரம்மா அவர் பார்த்ததைப் பார்த்தாள்.

லிஃப்ட்காரருக்கு எதையும் சோதிக்காமல் ஒப்படைக்கத் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். "மூட்டை ஏத்தி ஓட்டிப் பாக்கணும். அதுக்கப்புறம், சோதிச்சவன் எவனோ அவன்தான் முதல்ல ஏறணும். ஜனங்க பிறகுதான்" என்று இந்த வீட்டில் குக்கர் வாங்கியபோதுகூடச் சொன்னவர். லிஃப்ட்டுக்குள் மாட்டுவார்களே, தேதி, வேலை, கையெழுத்து என்று கட்டம் போட்ட சர்வீஸ் அட்டை, அந்த மாதிரி ஜீவராசிகளுக்கும் ஓர் அட்டை போட்டு சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார். மாதம் ஓர் அட்டை. பழசையும் தூக்கிப் போடமாட்டார். எல்லாம் அதே ஆணியில் தொங்கும்.

"இந்தாங்க, எழுதிக்கோங்க," என்று ஆரம்பித்தார். "பட்டனுக்கு இடது காது கேக்காது. என்ன சொன்னாலும் வலது காதுப் பக்கமா வந்து சொல்லணும்."

மீட்டரம்மா பையிலிருந்து நீள நோட்டை எடுத்து எழுதினாள். "எவ்ளோ பக்கமா சார்?"

"எவ்ளோ பக்கமான்னா?"

"ஒரு கை தூரமா, ரெண்டு கை தூரமா?"

இதுவரை ஐந்து பேரில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. "ஒரு கை," என்றார்.

"ரெண்டு கை தூரத்துல சத்தமா சொன்னா ஆகாதா?"

"திடுக்கிடும்மா. அதுக்கு இதயம் சரியில்ல."

மீட்டரம்மா யோசித்தாள். "சரி சார். ஒரு கை," என்று எழுதிக்கொண்டாள். எழுதும்போது விரல் நடுங்கியது கண்ணாடிக்காரம்மாவுக்குத் தெரிந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு நம்பிக்கையே வந்தது.

ஐந்து மணிக்கு மாத்திரை. மீட்டரம்மா வேகவைத்த முட்டைத் துண்டில் மாத்திரையை அமுக்கி, முழங்காலிட்டு, கையை எட்டுகிற மட்டும் நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பட்டன் லபக்கென்று வாங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, பட்டனின் தொண்டையைக் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் நல்ல பிள்ளையாக நடந்து சோபா வரைக்கும் போனது. பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தாள்.

"துப்பிடுச்சு சார். மறுபடி குடுக்கறேன்."

மூன்றாவது தடவையில் உள்ளே போனது. சோபாவுக்கு அடியில், கதவு இடுக்கில், மேனேஜர் படுத்திருந்த விரிப்புக்குக் கீழே, எல்லா இடமும் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் கையெழுத்துப் போட்டாள். விரிப்பைத் தூக்கியதற்காக மேனேஜர் அவளை முறைத்தது. அவளும் முறைத்தாள். மேனேஜரே முதலில் கண்ணை எடுத்தது.

லிஃப்ட்காரர் விடுவிடுவென்று சமையலறைக்குள் போனார். கண்ணாடிக்காரம்மா பின்னாலேயே போனாள்.

"என்ன, குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கலையா?"

"சிரிக்கவே மாட்டேங்குறாங்களே."

"பட்டனுக்கு எதுக்கு சிரிப்பு? பொண்ணா பாக்க வந்திருக்கு?"

"நாய்னா பயம்ங்கறாங்க. பயப்படறவங்ககிட்ட நாயை விட்டுட்டுப் போறதா?"

"பயப்படறவங்கதான் கேட்டை ஒழுங்கா சாத்துவாங்க. பாசமா இருந்தவ திறந்து போட்டுட்டுப் போனாளே, மறந்துபோச்சா? எட்டு வருஷத்துல ஒரு ஏழாம் தேதி தவறியிருக்காங்களா? சொல்லுங்க பாப்போம்!"

அவர் குழாயைத் திறந்தார். மூடினார். ஒழுகாத குழாயை ஏதோ ஒழுகுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டு வா," என்றார் மெதுவாக. "நான் இருக்கேன்."

எந்த வார்த்தை வரக்கூடாது என்று மூன்று வாரமாக அவள் ஆள்மேல் ஆள் தேடி அலைந்தாளோ அதே வார்த்தை வந்துவிட்டது.

"அப்போ அஞ்சு பேர்கிட்டயும் குறை கண்டுபிடிச்சது இதுக்குத்தானா?" அவளுக்குக் குரல் உடைந்தது. "அங்க அவன் பக்கத்துல நான் ஒருத்தி மட்டும் நிக்கணுமா? பொண்ணு வீட்டுக்காரங்க அப்பா எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? நாய்க்கு மாத்திரை குடுத்துக்கிட்டிருக்கார்னா? பெத்த பையன் கல்யாணம்ங்க!"

"கத்தாத. அவங்க காதுல விழும்."

"விழட்டும்! ஊருக்கே விழட்டும்!"

கண்ணாடிக்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அழுகை வந்த கோபமா, கோபம் வந்த அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கூடத்தில் மீட்டரம்மா ஆணியிலிருந்த அட்டைகளை மொத்தமாக எடுத்து மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எண்களைப் பார்த்தால் அவள் கண் தானாகவே ஓடும்போல.

"அக்கா, இந்தக் கடைசிக் கட்டம் எனக்குப் புரியல. சாப்பாடு புரியுது. மாத்திரை புரியுது. இது 'வாசல்'னு போட்டிருக்கு. தினம் ஆறு பத்து. பக்கத்துல நிமிஷக் கணக்கு."

கண்ணாடிக்காரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி, 'கீழ் வரியைப் படிங்க, அதுக்கும் கீழ் வரியைப் படிங்க' என்று ஊரையே படிக்க வைக்கிறவள். தன் வீட்டுச் சுவரில் தொங்கியதை இரண்டு வருஷமாக ஒருநாளும் படித்ததில்லை. கடை முடிந்து அவள் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பின்கட்டில் போனோடு இருப்பாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பத்து, பதினொண்ணுன்னு இருக்கு," என்றாள் மீட்டரம்மா. "போன வருஷம் பதினஞ்சு. இந்த மாசம் பூரா இருபதுக்கு மேல. நேத்து இருபத்தேழு. ஒரே வீடு, ஒரே ஆளுங்க, ரீடிங் மட்டும் ஏறிக்கிட்டே போச்சுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம் அக்கா."

சமையலறை வாசலில் லிஃப்ட்காரர் நின்றிருந்தார். "ஒண்ணுமில்லம்மா. சும்மா காத்து வாங்கறது."

"காத்து வாங்கறதுக்கு நிமிஷம் எதுக்கு சார்? நான் எத்தனை நிமிஷம் நிக்கணும்? அதைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் வாயைத் திறக்கும்போது கண்ணாடிக்காரம்மாவின் போன் அடித்தது. மணி ஆறு. பையன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தப் போனை எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது. மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது.

ஆறு ஒன்பதுக்குப் பட்டன் கண் விழித்தது. யாரும் கூப்பிடவில்லை. முன்னங்காலை நீட்டி, ஒரு சோம்பல் முறித்து, நகம் தரையில் டக் டக்கென்று கேட்க, தானாக நடந்து வாசலுக்குப் போனது. கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

லிஃப்ட்காரர் அதன் பக்கத்தில் போய் நின்றார். பெண்கள் இருவரும் படியில் நின்றார்கள். மீட்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தாள்.

தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. பட்டனின் வால் மேலே போனது. பைக் இந்த வீட்டைத் தாண்டிப் போனது. வால் கீழே வந்தது. அடுத்த பைக். மறுபடி வால்.

கண்ணாடிக்காரம்மா சட்டென்று மணியைப் பார்த்தாள். ஆறு பத்து. இந்த ஊரில் இருந்தபோது பையன் ஆபீஸ் முடிந்து பைக்கில் வருகிற நேரம். கேட்டுக்கு வெளியிலிருந்தே "பட்டா!" என்று கத்துவான். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவனோடு பின்பக்கம் நின்று பேசியிருக்கிறாள். அவனுக்காகவே முன்பக்கம் ஒரு ஜீவன் நின்றிருக்கிறது. அட பாவமே!

பத்து நிமிஷம் ஆயிற்று. பட்டன் மூக்கை உருவிக்கொண்டது. பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டுவிட்டு, படியேறி, கதவோரத்து மிதியடியில் போய் சுருண்டு படுத்தது.

லிஃப்ட்காரர் திரும்பவில்லை. கேட்டுக் கம்பியில் கை வைத்தபடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மீட்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், பட்டன் உள்ள வந்துருச்சு. ஆறு இருபது. இன்னும் எழுதணுமா?"

அவர் கேட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இல்ல, அட்டையில இருபத்தேழுன்னு இருக்கே. மிச்சம் பதினேழு யாரோட கணக்கு?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான்கு நாள் பொறுப்பெடுக்கப் போகிறவள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என் கணக்கும்மா," என்றார் லிஃப்ட்காரர்.

கண்ணாடிக்காரம்மா படியிறங்கிப் பக்கத்தில் போனாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"அன்னிக்கே அனுப்பியிருக்கலாம். அவன் நாய். ஆசையா கேட்டான். அப்ப அதுக்குப் பத்து வயசு, ஜம்முனு போயிருக்கும். நான்தான் வீம்பு பிடிச்சேன். நாயை வெச்சுக்கிட்டா நாயைப் பாக்கவாவது வருவான்னு நெனச்சேன். வரல. இது தினம் இங்க வந்து நிக்குது. இதைத் தனியா நிக்க விட மனசு கேக்கல, கூட நின்னேன். இப்ப அனுப்பறேன்னாலும் டாக்டர் கூடாதுங்கறார். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவன் எதிர்ல போய் நிக்கறது?"

"என்னங்க..."

"ரெண்டு பேரும் வந்தே ஆகணும்னு அவனே சொன்னான்னு நீ வந்து சொன்னே பாரு, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. இவ்ளோ செஞ்சதுக்கப்புறமும் கூப்பிடறானே."

இந்த மனுஷன் இரண்டு வருஷமாகத் தெருமுனையைப் பார்த்து நின்றிருக்கிறார். அவர் கையில் இருக்கிற ஒரே நல்ல செய்தி, கண்ணாடிக்காரம்மா கட்டிவிட்ட பொய். அவள் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். பையனுக்குப் போன் அடித்தாள்.

"எங்கம்மா போன? மூணு தடவை அடிச்சிட்டேன். பயந்துட்டேன்."

"வாசல்ல இருந்தேன். டேய், நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளு. ரெண்டு பேரும் வரணும்னு நீ சொன்னதா அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"தெரியும். பொய்தான் சொன்னேன். அதை நெசமாக்க உன்னாலதான் முடியும். இப்பவே அவருக்குப் போன் பண்ணு."

"எடுக்கமாட்டார்மா. என் பேரைப் பாத்தாலே கட் பண்ணுவார்."

"ரெண்டு வருஷமா ஒரு தடவையாவது அடிச்சுப் பாத்தியா? ஞாயித்துக்கிழமை நீ இந்தப் பக்கம் என்கூட பேசிக்கிட்டிருந்தப்போ, பட்டன் அந்தப் பக்கம் உன் வண்டிக்காக நின்னுக்கிட்டிருந்துச்சுடா. தினமும். ஆறு பத்துக்கு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள்.

"பத்து நிமிஷத்துல பட்டன் உள்ள வந்துடுது. அவர் வரமாட்டேங்குறார். நேத்து இருபத்தேழு நிமிஷம் நின்னிருக்கார். அட்டையில எழுதி வெச்சிருக்கார்டா, லிஃப்ட்டுக்கு எழுதற மாதிரி."

போன் துண்டிக்கப்பட்டது.

அவனுக்குக் கோபமா, அழுகையா, அவளுக்கு எதுவும் புரியவில்லை. திரும்ப அடிக்கக் கை வரவில்லை. 'காரியத்தைக் கெடுத்தேனே' என்று முணுமுணுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். லிஃப்ட்காரர் அப்போதுதான் கேட்டை விட்டு விலகிப் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். மீட்டரம்மா ஒரு கை தூரத்தில் மண்டியிட்டு, பட்டனின் வலது காதுப் பக்கமாக, "நான் நாலு நாள் இங்க இருப்பேன். நீ கடிக்கக் கூடாது. நானும் தினம் நிப்பேன்" என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தாள்.

செருப்பு அலமாரியின் மேல் இருந்த லிஃப்ட்காரரின் போன் அடித்தது.

மீட்டரம்மாதான் எட்டிப் பார்த்தாள். "சார், 'பையன்'னு வருது."

அவர் எழுந்தார். கையை நீட்டினார். மடக்கினார். "அவன் உனக்குத்தான் அடிப்பான்," என்றார் மனைவியைப் பார்த்து. "தவறி என் நம்பரை அமுக்கியிருப்பான்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சோதிச்சவன்தானே முதல்ல ஏறணும்?" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "முப்பத்து நாலு வருஷமா சொல்றீங்களே. ஏறுங்க."

அவர் போனை எடுத்தார். பச்சையை அமுக்கினார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

சட்டென்று அவர் மிதியடியில் பட்டன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, போனை அதன் காதோரம் கொண்டுபோனார்.

"சார், அது இடது காது," என்றாள் மீட்டரம்மா. "கேக்காதுன்னு நீங்கதானே எழுதிக்கச் சொன்னீங்க?"

அவர் போனை வலது காதுக்கு மாற்றினார்.

"அப்பா?" என்றது போன்.

பட்டன் கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்கியது. வால் மிதியடியில் ஒரு தட்டு தட்டியது. அப்புறம் நிறுத்தாமல் தட்ட ஆரம்பித்தது.

லிஃப்ட்காரர் ஒரு கையால் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போன் பக்கம் குனிந்தார்.

"கேக்குதுடா," என்றார். "ரெண்டு பேருக்குமே கேக்குது. பேசு."